உலை பொங்கினால்...

விறகடுப்பில் சோற்றுப்பானை பொங்கினால் கஞ்சி வழிந்து நெருப்பில் விழும். அடுப்பு தானாகத் தணியும். உம்மா அடுப்படியில் இல்லாவிட்டாலும் அது நடக்கும். அதே அடுப்பில் எண்ணெய்த் தாச்சி பொங்கினால் கதையே வேறு. அணுஉலைப் பாதுகாப்பைப் பற்றி யாராவது கேட்டால் (தமிழ் வாத்தியாரிடம் இதையும் கேட்கிறார்கள்) நான் இந்த இரண்டு பாத்திரங்களிலிருந்துதான் தொடங்குவேன்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து வடக்கே, நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர் போனால் கல்பாக்கம். அங்குள்ள 500 மெகாவோட் வேக அணுஉலையில் 2024 மார்ச்சில் கருவை நிரப்பும் வேலை தொடங்கியது.

வழமையான உலைகளில் சூட்டை எடுத்துச் செல்வது தண்ணீர். ஆனால் தண்ணீர் நியூத்திரன்களின் வேகத்தைக் குறைத்துவிடும். வேக உலைக்கு அது ஆகாது. ஆகவே உருகிய சோடியம். அது 98 பாகை செல்சியசில் உருகும், 883 பாகையில்தான் கொதிக்கும். உலையில் அது 550 பாகைக்குக் கிட்டவே சூடேறுகிறது. ஆகவே பெரிய அமுக்கம் தேவையில்லை. காற்றிலும் நீரிலும் பட்டால் சோடியம் எரியும் என்பதுதான் எல்லோரும் பேசுகிற குறை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று.

எரிபொருள் கோல்கள் நெருங்கி நிற்கும் நடுப்பகுதியை உலைக்கரு என்போம். அதன் மத்தியில் சோடியம் கொதித்து ஆவியானால், நியூத்திரன்களின் வேகத்தைக் கொஞ்சமாவது குறைத்துக்கொண்டிருந்த பொருள் இல்லாமல் போகும். வேகம் கூடிய நியூத்திரன் புளூட்டோனியத்தைப் பிளக்கும்போது கூடுதலான புது நியூத்திரன்கள் பிறக்கும். வலு ஏறும். இது எண்ணெய்த் தாச்சி. அதே சோடியம் கருவின் ஓரத்தில் ஆவியானால் நியூத்திரன்கள் வெளியே தப்பி ஓடும், வலு இறங்கும். இது கஞ்சி. எல்லாம் கருவின் வடிவத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லித்தந்த இடம் அமெரிக்காவின் ஐடஹோ. 1951 டிசம்பரில் நான்கு மின்குமிழ்களை எரியவைத்துப் பேர் வாங்கிய ஈ.பி.ஆர்.-1 என்ற சிறிய உலையில், 1955 நவம்பரில் ஒரு பரிசோதனை நடந்தது. சூடேறிய கோல்கள் உட்பக்கமாக வளைந்தன. அவை நெருங்க நெருங்க வலு ஏறியது; கருவின் ஒரு பகுதி உருகியே போனது. அதன்பிறகுதான் கோல்கள் உள்ளே வளையாதபடி இறுக்கிப் பிடிக்கப் படித்துக்கொண்டார்கள்.

அங்கேயே ஈ.பி.ஆர்.-2 உலையில், 1986 ஏப்ரல் 3ஆம் திகதி, முழு வலுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பிகளை நிறுத்தினார்கள். உலையை அணைக்கும் கோல்களையும் வேண்டுமென்றே இறக்கவில்லை. வெப்பநிலை எகிறியது. உலோக எரிபொருளும் கருவின் கட்டமைப்பும் விரிந்தன, நியூத்திரன்கள் கசிந்தன, உலை தானாக அடங்கியது. அன்றே சூட்டை வெளியேற்றும் வழியை அடைத்துப் பார்த்தார்கள், அதே முடிவு. 23 நாள் கழித்துத்தான் செர்னோபில். அது சோடிய உலையல்ல, ஆனால் நீராவி பெருகினால் வலு ஏறும் வகை.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஈ.பி.ஆர்.-2 வெறும் 20 மெகாவோட். சின்னக் கருவிலிருந்து நியூத்திரன் லேசாகத் தப்பும், பெரியதில் தப்பாது. பிரான்ஸ் 600 மெகாவோட் அஸ்திரிட் உலைக்கு வரைந்த கரு இந்தச் சிக்கலுக்கான பதில். உயரத்தைக் குறைத்துத் தட்டையாக்கினார்கள். உட்பகுதியின் நடுவே எளிதில் பிளக்காத யுரேனியத்தை ஓர் அடுக்காக வைத்தார்கள். எரிபொருளுக்கு மேலே சோடியம் மட்டும் நிற்கும் ஓர் இடம் விட்டு, அதற்கும் மேலே நியூத்திரனை உறிஞ்சும் பொருளை வைத்தார்கள். கொதிப்பு முதலில் மேலேதான் தொடங்கும். அங்கு சோடியம் போனால் நியூத்திரன்கள் மேலே பாய்ந்து தொலையும். இப்படித் தட்டையாக்கினால் எரிபொருள் கூடுதலாக வேண்டும், செலவும் கூடும். வேக உலைக்கு அவசரமில்லை என்று 2019இல் பிரான்ஸ் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது.

கல்பாக்கத்தில் ஒட்சைட்டு எரிபொருள். உலையை நிறுத்த ஒன்றையொன்று சாராத இரண்டு தொகுதிகளாக 9 கோல்களும் 3 கோல்களும். கரு உருகினாலும் ஏந்திக்கொள்ளக் கீழே ஒரு தட்டு. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனாலும் கோல் விழ வேண்டும்; கஞ்சி வழிய யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பின்னர் கட்டும் உலைகளில் உலோக எரிபொருளுக்கு மாறுவது இந்தியாவின் திட்டம். உலோகம் சூட்டைச் சட்டென்று கடத்தும், உள்ளே தேக்கிவைக்காது. ஆனால் நடுவில் சோடியம் ஆவியானால் வரும் வலு ஏற்றம் அதில் இன்னும் கூடுதல். ஆக, எரிபொருளை மாற்றுகிறவர்கள் கருவின் வடிவத்தையும் திரும்ப வரைய வேண்டிவரும்.