உங்களுக்குத் தெரியுமா? வாடகை வளர்த்த முதலீடு

சிங்கப்பூரின் முதல் ரீட் (வாடகை தரும் சொத்துகளில் முதலீடு செய்யும் அறக்கட்டளை), முதல் முயற்சியில் விலைபோகவே இல்லை! 2001 நவம்பரில் ‘சிங்மால்’ என்ற பெயரில் வந்த இந்த வணிக வளாக அறக்கட்டளையின் யூனிட்களை வாங்கப் போதிய ஆள் இல்லாததால் வெளியீடு கைவிடப்பட்டது. 2002 ஜூலையில் ‘கேப்பிட்டாமால் டிரஸ்ட்’ என்று மீண்டும் வந்தது. யூனிட் விலை 96 காசு.

• 2020 ஜனவரியில், இன்னொரு ரீட்டுடன் இணைவதற்காகக் குறிக்கப்பட்ட விலை 2.59 வெள்ளி. கூட்டுவட்டிக் கணக்கில் விலையேற்றம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5.8 சதவீதம்.

• வாடகைப் பங்கும் சேர்வதால் முழு லாபம் இதைவிட அதிகம். வரிச்சலுகை வேண்டுமானால், ரீட் தன் வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். ஆகவே நெடுநாள் முதலீட்டாளர் முதலில் பார்க்க வேண்டியது அன்றாட விலையை அல்ல, வந்துசேரும் வாடகையை.

• விலை சரிந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். சரியத்தான் செய்தது: 2020 மார்ச்சில், பெருந்தொற்றின்போது, 2 வெள்ளிக்கும் கீழே. அப்போதும் அது வெளியீட்டு விலையைவிட மேலேதான் இருந்தது; பதினேழு ஆண்டு வாடகைப் பங்கும் அதற்குள் கைக்கு வந்திருந்தது. ஒரு ரீட்டின் வெற்றி எல்லா ரீட்டுக்கும் உத்தரவாதம் ஆகாது. ஆனால் லாபம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.