முதலில் நாட வேண்டியது எது?

திருக்குறளில் மருந்து அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் யாவரும் அறிந்த வரிசை ஒன்று உண்டு. நோயை ஆராய்க, அதன் காரணத்தை ஆராய்க, பின்னர் அதைத் தணிக்கும் வழியை ஆராய்ந்து செய்க என்பது அது. மருத்துவருக்கு இவ்வரிசை என்றும் பொருந்தும். சாலையோரத்தில் ஒருவர் விழுந்து கிடக்க, முதலில் ஓடிச் செல்பவருக்கும் இதுவேதான் வரிசையா?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளிக்கு அருகே செம்பனைத் தோட்டச் சாலையில் ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். நெற்றியில் இரத்தம். கூடியிருந்தோர் அனைவரும் அந்த நெற்றியையே பார்த்தனர். ஒருவர் துணி கொண்டு வந்தார். ஒருவர் அவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்ட முயன்றார். நானும் செய்வதறியாது நின்றேன். அப்போது ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர் ஒருவர் வந்தார். அவர் காயத்தைப் பார்க்கவில்லை. இளைஞரின் தொண்டையிலிருந்து வந்த குறட்டையொலியைக் கேட்டார். தண்ணீரைத் தடுத்தார். தலையும் கழுத்தும் அசையாதபடி படுக்கவைத்து, கீழ்த்தாடையை முன்னே தள்ளினார். ஒலி நின்று மூச்சு சீராயிற்று. நாக்கு பின்வாங்கித் தொண்டையை அடைத்திருந்தது என்பதைப் பிறகே அறிந்தோம். இளைஞர் பிழைத்தார்.

காற்று தடைப்பட்டால் சில நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும். முறிந்த கை சற்றுக் காத்திருக்கும். ஆதலின் முதலுதவி செய்வோர் கேட்க வேண்டிய கேள்வி, ‘நோய் என்ன?’ என்பதன்று, ‘உயிர் எதனால் முதலில் போகும்?’ என்பதே.

மருத்துவ உலகமே இவ்வொழுங்கை ஒரு துயரத்திற்குப் பின்னர்தான் முறைப்படுத்திக்கொண்டது. 1976-இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநில வயலொன்றில் விழுந்தது. மனைவி மாண்டார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த கவனிப்பு ஒழுங்கற்றிருக்கக் கண்ட அவர், நண்பர்களுடன் சேர்ந்து, விபத்தில் அடிபட்டோரை வரிசையாகச் சோதிக்கும் பயிற்சி ஒன்றை வகுத்தார். 1978-இல் தொடங்கிய அப்பயிற்சி இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

நமக்கு வேண்டிய அளவில் அவ்வரிசை இது. முதலில் இடத்தைப் பார்க்க: மின்கம்பியோ விரையும் வாகனமோ உண்டாயின், உதவப் போனவரும் வீழ்வார். அடுத்து, தோளைத் தட்டி உரக்க அழைக்க. மறுமொழி இல்லையேல் உடனே 999-ஐ அழைக்கச் செய்க. இரத்தம் பீறிட்டால், துணிகொண்டு விடாது அழுத்துக. பின்னர் காற்றுவழி: நெற்றியில் கைவைத்துத் தலையைச் சற்றே சாய்த்து மோவாயை உயர்த்துக. கழுத்தில் அடிபட்டிருக்கலாம் எனின், பயின்றவர் தாடையை மட்டும் முன்தள்ளுவர். அடுத்து மூச்சு: மார்பு ஏறி இறங்குகிறதா எனப் பத்து விநாடிக்கு மேற்படாமல் பார்க்க. வளர்ந்தோர் ஓய்வில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவர். விட்டு விட்டு வரும் திணறலை மூச்செனக் கருதலாகாது; அப்போது நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மூச்சு இருப்பின் இரத்த ஓட்டத்தை நோக்குக: வெளிறிக் குளிர்ந்த தோலும் விரைந்த நாடியும் உள்ளே இரத்தம் கசிவதைக் காட்டக்கூடும். அதன்பின் அறிவுநிலை: தாமே விழித்துப் பேசுகிறாரா, குரலுக்கு மட்டும் அசைகிறாரா, வலிக்கு மட்டுமா, எதற்குமே இல்லையா? இறுதியில் மறைந்த காயங்களைத் தேடிப் பார்த்து, உடலைப் போர்த்துக. ஓரிடத்தில் கண்ட குறையை நீக்க முயன்ற பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

தஞ்சோங் காராங்கில் அரசு மருத்துவமனை உண்டு. ஆயினும் உட்புறத் தோட்டங்களுக்கு ஆம்புலன்சு வந்து சேரும்வரை நோயாளி நம் கையிலேயே இருக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து உதவுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வள்ளுவர் வைத்தார். அந்த நான்காமவர் நம் மாணவராகவும் இருக்கலாம். ஆதலின், ஆசிரியப் பெருமக்களே, ‘இடம், அழைப்பு, இரத்தப்பெருக்கு, காற்றுவழி, மூச்சு, ஓட்டம், அறிவு, உடல்’ என்னும் எட்டுச் சொற்களையும், மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது என்பதையும், மருந்து அதிகாரம் நடத்தும் நாளிலேயே சொல்லிக் கொடுங்கள்.