மக்கு மண்ணும் கிணற்று ஜலமும்

தழையும் சாணமும் மக்கி மண்ணில் கருநிறமாய்த் தங்கும் வஸ்துவுக்கு ஹ்யூமஸ் என்று பெயர். 1786ஆம் வருஷத்தில் ஆஷார்ட் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் சதுப்புநிலக் கரிமண்ணைக் காரத்திலிட்டு இதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார்.

எருநீரில் கரைந்துவரும் புரதம் முதலிய ஜீவ வஸ்துக்களை இதன் நுண்துகள்கள், நூல் சாயத்தைப் பற்றுவதுபோல், தம் மேற்புறத்தில் பற்றிக்கொள்ளும். பற்றப்பட்டவை விரைவில் அழியாமல் மெள்ளச் சிதைந்து பயிருக்கு உரமாகும்.

ஆயினும் இச்சக்திக்கு அளவுண்டு. பற்றுமிடம் நிரம்பினால் எஞ்சியது கீழிறங்கும். மக்குக் குறைந்த மணற்பாங்கில் தடையும் குறைவே. நைட்ரேட் உப்போ பெரும்பாலும் தங்காது ஜலத்துடன் சென்றுவிடும்.

ஆகையால், மண் வடிகட்டிவிடும் என்று நம்பிக் கிணற்றருகே எருக்குழி வெட்டலாகாது. அங்கத்தினர்கள் குழியைக் கிணற்றுக்குத் தூரமாய், தாழ்ந்த பக்கத்தில் அமைத்து, மக்கிய எருவை வயலுக்கே சேர்ப்பார்களாக.