ஆழம் தெரியாமல் காலை விடாதே

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வேலை செய்யும் என் பால்ய நண்பன் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை நிலம். நடுவில் ஒரு சிறிய துளை. துளையின் அருகே ஒரு முக்காலியில், கம்பளிச் சட்டைக்குள் மூழ்கியவனாக அவன். கையில் இரண்டடி நீளத் தூண்டில். அது நிலமன்று, உறைந்து கிடக்கும் மிசிசிப்பி ஆற்றின் கிளை நீர் என்று தொலைபேசியில் சொன்னான். "நம்ம ஈயக்குட்டை மாதிரிதான்டா இதுவும். பார்க்கத் தரை மாதிரி இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சிறிது நேரம் அமைதியாக இருந்தான். அந்த அமைதியின் காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

உறைந்த ஆற்றுக்கும் பேராக் மாநிலத்தின் ஈயக்குட்டைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். அதை விளக்கவே இக்கட்டுரை.

வறுசட்டி மீன்கள்

வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் பனியைத் துளைத்துப் பிடிக்கப்படும் சிறுமீன்களுக்குப் 'பேன்ஃபிஷ்' என்று பொதுப்பெயர். வறுசட்டிக்குள் முழுதாக அடங்கும் மீன் என்பது பொருள். நீலச்செவுள் எனப்படும் 'புளூகில்', 'கிராப்பி', மஞ்சள் 'பெர்ச்' ஆகியவை அவற்றுள் சில. பெரிய மீனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதற்கல்ல, நான்கு நண்பர்கள் கூடிப் பேசிச் சிரித்து, மாலையில் வறுத்துத் தின்பதற்காகப் பிடிக்கும் மீன்கள் இவை.

நாங்களும் நால்வர்தாம். பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தோம். பெற்றோர் விடியலில் பால்மரம் வெட்டச் சென்ற பின், விடுமுறை நாள்களில் எங்கள் பள்ளிக்கூடம் குட்டைக்கரைதான். மூங்கில் கம்பு, தங்கூசி, அறுந்துபோன ஜப்பான் சிலிப்பரில் வெட்டிய தக்கை, லயத்துக் கால்வாய் ஓரம் தோண்டிய மண்புழு. கூடுதல் வசதி இருந்தால் ரொட்டியைப் பிசைந்த உருண்டை. இவ்வளவே எங்கள் மூலதனம். கிடைத்தவை திலாப்பியா, கெளுத்தி, செப்பாட், எப்போதாவது ஒரு விரால். விரால் கிடைத்தால் அதை விற்க மாட்டோம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் விரால் ரசம் நல்லது என்பது தோட்டத்து நம்பிக்கை. யார் வீட்டிலாவது அது தேவைப்படும்.

திலாப்பியா இம்மண்ணின் மீனன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–1945) ஜாவாவிலிருந்து இங்கு வந்தது. 'ஜப்பான் மீன்' என்று நம் பாட்டிமார் சொன்னது அதனால்தான். மாறாக, மலாய்க்காரர்கள் 'புயு' என்று சொல்லும் மீன் நமக்கு மிகவும் நெருக்கமானது. தமிழில் அதன் பெயர் பனையேறிக் கெண்டை. 1791-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் என்பவர், அம்மீனைப் பனைமரத்தின் வெடிப்பு ஒன்றில் கண்டதாகப் பதிவு செய்தார். அது உண்மையில் மரம் ஏறுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செவுளுக்கு மேலே உள்ள ஒரு தனி உறுப்பால் அது காற்றையே சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து செல்லும் என்பவை உறுதியான செய்திகள். தமிழ்ப்பெயர் இருந்தும் 'புயு' என்றே அழைத்து வளர்ந்தவன் நான். பனையேறிக் கெண்டை என்ற பெயரைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் கற்றேன்.

குட்டை பிறந்த கதை

இளையோர் பலருக்கு ஈயக்குட்டை என்பது இயற்கையான ஏரி போலத் தோன்றுகிறது. அது மனிதன் தோண்டிய குழி.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பேச்சில் 'ஈயம்' என்பது ஈயலம்பத்தில் எடுத்த உலோகம். வேதியியல் நூல்களில் அதற்கு வெள்ளீயம் என்று பெயர். அங்கே ஈயம் என்றால் காரீயம், வேறொரு உலோகம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரணம் பின்னால் வரும்.

வெள்ளீயத் தாது நீரைவிட ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. மணலோ 2.6 மடங்குதான். இந்த வேறுபாட்டை வைத்தே கிந்தா பள்ளத்தாக்கின் செல்வம் எடுக்கப்பட்டது. நீரைப் பீய்ச்சி மண்மேட்டைக் கரைப்பார்கள். கரைந்த குழம்பைப் பம்பு வழியாகப் 'பலோங்' எனும் உயர்ந்த மரச்சரிவுக்கு ஏற்றுவார்கள். கனமான தாது அடியில் தங்கும். மணலும் களிமண்ணும் வழிந்து ஓடும். ஆற்றுப்படுகை போன்ற சதுப்பு இடங்களில் மிதவைக் கப்பல்கள் தோண்டின. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும் 5-ஆம் எண் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. அதன் எடை 4,500 டன்.

1985 அக்டோபர் 24-ஆம் நாள், அனைத்துலக வெள்ளீய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க இயலாமல் கைவிட, லண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்தது. லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பம்புகள் நின்றதும் குழிகளில் மழைநீரும் ஊற்றுநீரும் நிறைந்தன. எங்கள் தோட்டத்து எல்லையில் இருந்த குட்டையும் அவ்வாறு நிறைந்ததுதான்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இக்குழிக்கு ஏரிக்கு இருப்பது போன்ற மெதுவான சரிவு கிடையாது. கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் மூன்றாவது எட்டுக்குத் தரை இருக்காது. இரண்டு, வழிந்தோடிய களிமண் குழம்பு அருகிலேயே தேங்கி நின்றது. அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நீருக்குள் அடுக்குகள்

அதற்கு முன், மீன் எங்கே இருக்கும் என்ற கேள்வி. நண்பனும் நானும் தொலைபேசியில் அதிகம் பேசியது இதைத்தான்.

நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். அதற்குக் கீழே குளிரக் குளிர அது இலேசாகிறது, உறைந்தால் மிதக்கிறது. எனவே உறைந்த ஆற்றில் மேலே 0 பாகை, ஆழமான அமைதியான இடங்களின் அடியில் 4 பாகை. குளிரில் மந்தமான மீன்கள் பெரும்பாலும் அடியை ஒட்டி நிற்கும். இரையை மெல்லத் தொட்டுப் பார்க்கும். அதனால் அங்கே தூண்டில் குட்டை, நுனி மெல்லியது, இரை பயறளவு.

நம் குட்டையில் இது தலைகீழ். வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. சூடான நீர் இலேசானது, மேலேயே நிற்கிறது. ஆழத்தில் குளிர்ந்த, இருண்ட, பிராணவாயு குறைந்த நீர். ஆகவே ஆழமான குட்டையில் ஆழமாகத் தூண்டில் போடுவது வீண். மீன் மேல் அடுக்கிலும் கரையோரத்திலும் இருக்கும். இரவு முழுவதும் பாசியும் செடிகளும் பிராணவாயுவைச் செலவழிப்பதால், விடியலில் அது மிகக் குறைவாக இருக்கும். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும், இரையைத் தொடாது. வெயில் ஏறி, செடிகள் மீண்டும் பிராணவாயுவை வெளியிடத் தொடங்கிய பிறகுதான் தக்கை அசையும். ஐந்து மணிக்கே எழுந்து ஓடிய எங்களுக்கு எட்டு மணி வரை ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு இதுவே விடை.

பலத்த மழைக்குப் பிறகு சில வேளைகளில் மீன்கள் கூட்டமாக மேலே மிதந்து தவிக்கும். யாரோ தூபா வேரை இடித்துப் போட்டுவிட்டார்கள் என்று அப்போது நம்பினோம். குளிர்ந்த மழைநீரும் காற்றும் அடுக்குகளைக் கலக்கி, அடியிலிருந்த உயிர்ப்பற்ற நீரை மேலே கொண்டுவந்ததே காரணம் என்று பின்னர்தான் புரிந்தது. மிசிசிப்பியிலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. பனியின் மேல் வெண்பனி தடித்துப் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, செடிகள் மடியும், பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகும். வெப்பத்திலும் குளிரிலும் மீனின் கவலை ஒன்றே, மூச்சு.

மேலோடு

1980-களின் பிற்பகுதியில் ஒரு டிசம்பர் விடுமுறை. குட்டையின் மறுகரையில் திலாப்பியாவின் கூடுகள் தெரிந்தன. ஆண் மீன் வாயால் மணலை அள்ளி, தட்டுப் போலப் பள்ளம் செய்து காவல் இருக்கும். அங்கே போகக் குறுக்கு வழியாகச் சாம்பல் நிறத் திடல் ஒன்று கிடந்தது. வெயிலில் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்து, பந்தாடும் மைதானம் போல இருந்தது. நால்வரில் வேகமானவன் முதலில் ஓடினான். பத்துப் பன்னிரண்டு எட்டுக்குப் பின் அவன் இடுப்பு வரை உள்ளே போனான்.

அது தரையன்று. லம்பத்திலிருந்து வழிந்த களிமண் குழம்பு தேங்கிய இடம். நுண்ணிய களிமண் நீரை எளிதில் விடாது. மேலே ஓரடி காய்ந்து ஓடாக இறுகும். கீழே பல ஆண்டுகள் கஞ்சியாகவே கிடக்கும். அவன் காலை உருவ முயன்ற ஒவ்வொரு முறையும் இன்னும் சிறிது இறங்கினான். நாங்கள் மூவரும் கத்திக்கொண்டு அவனிடம் ஓடப் பார்த்தோம். ஓடியிருந்தால் இக்கட்டுரை இல்லை.

பால் வாளிகளைச் சுமந்து அவ்வழியே வந்த தோட்டத்து மாமா ஒருவர் எங்களைத் தடுத்தார். "எவனும் அசையாதீங்கடா!" என்றார். பிறகு அவனைப் பார்த்து, "துள்ளாத, அய்யா. மல்லாக்கச் சாஞ்சுக்கோ. கைய விரிச்சுக்கோ," என்றார். வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, குப்புறப் படுத்து, ஓட்டின் மேல் ஊர்ந்துபோய்க் காண்டாக் கம்பை நீட்டினார். அவன் அதைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தளர்த்தி, பிறகு மறு காலை. அரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே வந்தவனை அவர் அடிக்கவில்லை. "இனிமே கம்பு இல்லாம இந்தப் பக்கம் வராதீங்க. முதல்ல கம்பு, பொறகு காலு," என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். எடையைப் பரப்பினால் அழுத்தம் குறையும் என்ற இயற்பியல் விதியை எனக்கு முதலில் கற்பித்தவர் அவரே.

புகைப்படத்தில் இருப்பவன் அன்று அக்குழம்பில் இறங்கியவன்தான்.

பனியிலும் அதே பாடம்

மின்னசோட்டா மாநிலத்தின் இயற்கை வளத் துறை, தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் (ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்) இருந்தால்தான் நடக்கலாம் என்கிறது. வெண்ணிறப் பனிக்கட்டி அதில் பாதி வலிமையே உடையது என்பதால் இரு மடங்கு தடிமன் தேவை. ஓடும் ஆற்றில் நீரோட்டம் அடியிலிருந்து அரிப்பதால் ஓரிடத்தில் தடித்திருப்பது பத்தடி தள்ளி மெலிந்திருக்கும். ஆகவே அனுபவம் உள்ளவர்கள் கடப்பாரை போன்ற ஓர் இரும்புக் கோலால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். உடைந்து விழுந்தவரை மீட்பதும் அதே முறைதான்: படுத்து ஊர்ந்து கம்போ கயிறோ நீட்ட வேண்டும், வெளியே வந்தவர் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

"இங்க எல்லாரும் ஏன் நான் இவ்வளவு குத்திப் பார்க்கிறேன்னு சிரிக்கிறாங்க," என்றான் நண்பன். "சிரிக்கட்டும். அந்தக் காண்டாக் கம்பு இன்னும் என் கையிலதான் இருக்கு."

மாணவர்களுக்கு

இதை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. கம்பார் வட்டாரத்திலும் துரோனோ பக்கத்திலும் இன்று உயர்கல்விக் கூடங்கள் உள்ளன. பழைய குட்டைகள் அவற்றின் சுற்றுப்புறத்திலேயே இருக்கின்றன. சில குட்டைகள் பூங்காவாகவும் மீன், இறால் வளர்ப்பிடமாகவும் மாறிவிட்டன. மற்றவை வேலியின்றிக் கிடக்கின்றன. தோட்டங்கள் விற்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்குச் சென்றுவிட்டதால், எந்தத் திடல் குழம்பு, எந்தக் கரை சரியும் என்று சொல்ல அந்த மாமாக்கள் இப்போது அங்கே இல்லை. அறிந்தவர்கள் எழுதி வைப்பது கடமை.

மீன்பிடிக்கச் செல்வோர் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். தனியே போகாதீர்கள். நீண்ட கம்பும் கயிறும் எடுத்துச் செல்லுங்கள். செடி முளைக்காத, வெடித்துக் கிடக்கும் சாம்பல் திடலில் கால் வைக்காதீர்கள். மழைக்குப் பிறகு மணல் கரையின் விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் அரித்திருக்கும். தூண்டிலில் ஈயக்குண்டை மட்டும் கட்டி இறக்கி ஆழத்தை அளந்து பாருங்கள். அப்போது தெரியும், இது இறங்கிக் குளிக்கும் இடமன்று என்று. நண்பன் விழுந்தால் குதிக்காதீர்கள், நீட்டுங்கள், எறியுங்கள்.

உண்பதிலும் கவனம் தேவை. வெள்ளீயத் தாதுவோடு ஆர்செனிக் கலந்த கனிமமும் கிடைப்பதுண்டு. சில குட்டைகளின் நீரிலும் வண்டலிலும் ஆர்செனிக்கும் காரீயமும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். முன்னே சொன்ன சொல் விளக்கம் இங்கே உதவும்: வெள்ளீயம் எடுத்த குழியில் காரீயமும் இருக்கக்கூடும். ஒரே குட்டையின் மீனை வாரந்தோறும் உண்பதை நான் தவிர்க்கிறேன். பெரும்பாலும் பிடித்து விட்டுவிடுகிறேன். ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டு, நம் சிறுமீன்களைத் தின்று பெருகும் 'ராஜா' மீன் தூண்டிலில் சிக்கினால் அதைத் திரும்ப விடுவதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. பள்ளிக் கட்டுரைகளில் அதை எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதை எழுத்துக்கு எழுத்து பொருள் கொள்ள வேண்டிய இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு நண்பன் ஊருக்கு வந்திருந்தான். இருவரும் பழைய குட்டைக்குப் போனோம். சாம்பல் திடலில் இப்போது புதர் மண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் இறுகியிருக்கக்கூடும். ஆனாலும் அவன் வழியில் கிடந்த ஒரு கம்பை எடுத்து, முதலில் குத்திப் பார்த்தான். நான் அவன் பின்னால், அவன் கால் பதித்த இடத்திலேயே கால் பதித்து நடந்தேன்.