பல்லிடுக்கில் நுழையும் ஒளி

கார் ரிவர்ஸ் எடுக்கும்போது 'ஊய்ங்' என்று ஓர் ஊளை கிளம்புமே, கவனித்திருக்கிறீர்களா? கையால் கியர் மாற்றும் கார்கள் பலவற்றில் ரிவர்ஸுக்கு மட்டும் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் முழு அகலத்துக்கும் சட்டென்று மோதுகிறது, அதுதான் சத்தம். முன்னால் போகும் கியர்களுக்குச் சாய்வான பற்கள். வழுக்கிக்கொண்டு சேர்வதால் அமைதி. ஆனால் அவையும் சில மைக்ரான் பிசகினால் பாட ஆரம்பித்துவிடும். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். பெட்ரோல் எஞ்சின் தன் இரைச்சலால் இதையெல்லாம் மூடி மறைத்தது. மின்சாரக் காரில் மறைக்க ஆளில்லை.

இந்தப் பிசகை எப்படிப் பிடிப்பது? வழக்கமான கருவியில் ஒரு சிறு மாணிக்கக் குண்டு பல்லைத் தடவிச் செல்லும். பெரும்பாலும் மூன்று நான்கு பற்களில், நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. மீதிப் பரப்பெல்லாம் ஊகம்தான்.

பரப்பு முழுவதையும் ஒரே பார்வையில் அளக்க ஒளியிடம் வழி இருக்கிறது. 1881இல் மைக்கல்சன் செய்த குறுக்கீட்டுமானியின் தத்துவமே அது. லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பல்லில் பட்டுவரச் செய்து, மற்றதோடு சேர்த்தால் வெளிச்சமும் இருளுமாக வரிகள் தோன்றும், மலை வரைபடத்தின் சமஉயரக் கோடுகளைப் போல.

சிக்கல் என்னவென்றால், நம் விரலுக்கு வழவழப்பான பல் ஒளிக்குக் கரடுமுரடு. நேராக விழும் ஒளி சிதறிப் போகும். ஒரு வழவழப்பான தாளைக் கண்மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து விளக்கைப் பாருங்கள். தாள் மங்கலான கண்ணாடியாகிவிடும். அதே தந்திரம்தான் இங்கும். பரப்போடு 10 டிகிரி மட்டுமே சாய்ந்து ஒளியை அனுப்பினால் சொரசொரப்பு அதன் கண்ணுக்குத் தணிந்துவிடும். பக்கத்துப் பல் மறைப்பதால் எப்படியும் இடுக்கு வழியாகச் சாய்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

விலையும் உண்டு. 632.8 நானோமீட்டர் சிவப்பு லேசர் நேராக விழுந்தால் ஒரு வரிக்கு 0.32 மைக்ரான் உயர வேறுபாடு. இப்படிச் சாய்த்தால் 1.8 மைக்ரான். ஆனால் மற்றக் கதிரைத் திருப்பும் ஆடியை நூலிழைக்கும் குறைவாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணக்கிட்டால், ஒரு வரிக்குள்ளேயே நுணுகிப் பார்க்கலாம். மேடா பள்ளமா என்பதும் தெரிந்துவிடும்.

உண்மையான தலைவலி வேறு. சாய்ந்து பார்க்கும்போது பல் ஒரு கீற்றாக நசுங்கித் தெரியும். படத்தின் எந்தப் புள்ளி பல்லில் எங்கே என்று கண்டாக வேண்டும். பற்சக்கரத்தைச் சற்றே கோணலாக வைத்தாலும் வரிகள் குழம்பும். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்திலும் சீனாவின் ஷியான் ஜியாவோதோங் பல்கலைக்கழகத்திலும் ஆய்வாளர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். குறையற்ற பல் எப்படி வரி காட்டும் என்று கணினியில் முன்கூட்டியே வரைந்து, உண்மைப் படத்தோடு ஒப்பிடுவது அவர்களுடைய வழி.

பட்டறைகளில் இன்னும் மாணிக்கக் குண்டின் ஆட்சிதான். ஆயுள் முழுக்க எண்ணெயில் ஊறப் பிறந்த சக்கரம், இந்த ஒளியின் முன் வரும்போது மட்டும் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் துடைத்துவிட்டு வர வேண்டும். விரல்ரேகை பட்டால் அதையும் ஒளி அளந்துவிடும்.