மலிந்த பந்தும் மறைந்த மரமும்

உருண்டை வடிவம் காண்பதற்கு எளியது, செய்வதற்கு அரியது. அதனை எப்பக்கமும் ஒரே அளவாக, குறைந்த செலவில் உருவாக்க வேண்டும். வளைந்த மேற்பரப்பில் குறியும் பொறிக்க வேண்டும். இவற்றை மனிதர் கற்ற வரலாற்றைக் கோல்ப் பந்தின்வழி காண்போம். அவ்வரலாற்றில் நம் மண்ணின் மரமொன்றுக்கும் பங்குண்டு.

முற்காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டினர் தோல் உறைக்குள் இறகுகளைத் திணித்துப் பந்து தைத்தனர். கைதேர்ந்தவரும் நாள் முழுதும் உழைத்துச் சில பந்துகளையே செய்ய முடிந்தது. ஆதலின் விலை மிகுதியாயிற்று.

1840ஆம் ஆண்டுகளில் கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால் சிங்கப்பூரிலிருந்து இலண்டனை அடைந்தது. அது மலாயாக் காடுகளில் வளர்ந்த ஒருவகை மரத்தின் பால். வெந்நீரில் இட்டால் இளகும்; ஆறினால் இறுகும். 1848ஆம் ஆண்டளவில் அதனைக் கையால் உருட்டிப் பந்தாக்கினர். பின்னர் அச்சில் இட்டு அழுத்தினர். விலை இறங்கியது, எளியோரும் ஆடலாயினர்.

ஆயினும் ஒரு வியப்பு நேர்ந்தது. வழவழப்பான புதுப்பந்து விரைவில் தரையில் விழுந்தது. அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்தோ நெடுந்தொலைவு பறந்தது. வடுக்கள் காற்றைப் பந்தோடு ஒட்டி ஓடச் செய்து, பின்னிழுக்கும் விசையைக் குறைப்பதே அதன் காரணம். இதனையறிந்தோர் சுத்தியால் வேண்டுமென்றே தழும்பிட்டனர். 1898ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோபர்ன் ஹாஸ்கல், இரப்பர் நூலை இறுகச் சுற்றிய பந்தினை உருவாக்கினார். 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர், சிறு குழிகள் நிறைந்த பந்துக்குக் காப்புரிமை கோரினார்.

இந்நாளில் செயற்கை இரப்பரை வெப்ப அச்சில் அழுத்தி உட்கருவாக்குகின்றனர்; குழிகள் பதிந்த அச்சினால் மேலுறை இடுகின்றனர். ஒரே அச்சு மீண்டும் மீண்டும் பயன்படுவதால் செலவு குறைகின்றது.

பெயர் பொறிப்பதற்கு லேசர் ஒளியும் உதவுகின்றது. ஒளிக்கற்றை ஒரு புள்ளியில் குவியும்போதே குறி தெளிவாக விழும். உருண்டையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருப்பதால், ஓரத்திற் செல்லுங்கால் எழுத்து மங்கும். ஆகவே பந்தைச் சிறிது சிறிதாகத் திருப்பியோ, குவியும் புள்ளியை நகர்த்தியோ பொறிப்பர். மையும் அச்சுத்தகடும் தேவையில்லை. ஆதலால் பந்துக்கொரு பெயர் பொறித்தலும் எளிது. ஒளி மிகுந்தால் மேலுறை கருகும்; குறைந்தால் எழுத்துத் தோன்றாது.

மரஞ்சீவும் பெற்றோர் இந்நுட்பத்தை நன்கறிவர். உளி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடினால் பால் வாராது.

கெத்தா பெர்ச்சா மரத்துக்கு அத்தகைய கை வாய்க்கவில்லை. பந்துக்கும், அதனினும் மிகுதியாகக் கடலடித் தந்திக் கம்பிகளின் உறைக்கும் அப்பால் வேண்டப்பட்டது. மரங்களை அடியோடு வெட்டி வீழ்த்தியே பால் எடுத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவை காடுகளில் அருகிப்போயின. இரப்பர் மரத்துக்கோ நல்வழி பிறந்தது. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லி, 1890ஆம் ஆண்டுகளில், பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையால் ஒரே மரம் பல்லாண்டு பால் தந்தது.

மாணவச் செல்வங்களே! மலிவாகப் பொருள் செய்தல் நன்றே. எனினும், அம்மலிவின் விலையை எந்த மரம் கொடுக்கின்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.