பின்னால் இடிபட்ட லோடு வண்டி: ஒர்க்‌ஷாப்பில் நாள் போவது எதனால்?

அறுவடைக் காலத்தில் நம் பக்கத்து ரோடுகள் எப்படி இருக்கும் என்று வணிகப் பெருமக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பாதி ரோட்டில் நெல் காயும். மீதிப் பாதியில் டிராக்டர், அறுவடை இயந்திரம், டவுன் பஸ், நம்முடைய லோடு வண்டி எல்லாம் போக வேண்டும். முன்னால் போகிறவர் நெல்லைப் பார்த்து பிரேக் போடுவார். பின்னால் வருகிறவர் இடிப்பார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் நிற்கும். அத்தனை நாளும் வாடகை வண்டிக்குக் கொடுக்கிற பணத்தை நம் சாதாரண பாலிசி தராது. உள்ளே இருந்த எண்ணெய் டின், பருப்பு மூட்டைக்கும் தராது. சரக்குக்குத் தனி இன்ஷூரன்ஸ் உண்டு.

ரிப்பேர் தாமதம் என்பது ஒரே தாமதம் அல்ல. போலீஸ் ஸ்டேஷன், சர்வேயர், கம்பெனி அனுமதி, ஸ்பேர் பார்ட்ஸ், கடைசியில் பணம் என்று பல இடத்தில் நாள் போகிறது. எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப்காரரோடு மட்டும் சண்டை போட்டுப் பலன் இல்லை.

முதலில் ஸ்டேஷன். விபத்து வழக்கு பதிவானால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்க்கும் வரை வண்டி அங்கேயே நிற்கும். பார்த்து முடித்தபின் 24 மணி நேரத்துக்குள் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆவது பிரிவு சொல்கிறது. இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம், தவறில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்து, கிளெய்ம் நம்பர் வாங்கிவிட வேண்டும். இடித்த இடத்திலேயே இரண்டு வண்டியையும், நம்பர் பிளேட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் லைசென்ஸ் விஷயத்தில் முன்பெல்லாம் தகராறு வரும். கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு லோடு வண்டி ஓட்டினார் என்று கிளெய்மை மறுப்பார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் 2024 நவம்பர் 6-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் எஃப்.சி. நடப்பில் இருக்க வேண்டும்.

அடுத்தது சர்வேயர். இங்கேதான் நிறைய நாள் கெடுகிறது. சர்வேயர் வந்து வெளியில் தெரிகிற அடியை மட்டும் பார்த்து எழுதிவிட்டுப் போவார். பிறகு பின் கதவையும் பாடியையும் கழற்றினால் சேஸிஸ் வளைந்திருக்கும், ஸ்பிரிங் பட்டை விலகியிருக்கும். மறுபடி எஸ்டிமேட், மறுபடி சர்வேயர், மறுபடி அனுமதி. ஆகவே முதல் முறை வரும்போதே, அவரை வைத்துக்கொண்டு கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி கூடினாலும் பத்து நாள் மிச்சம். சர்வேயர் நியமிக்கப்பட்ட 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அறிக்கையை வாங்குவதும் கம்பெனியின் பொறுப்பு, நம்முடையது அல்ல. "சர்வேயர் ரிப்போர்ட் இன்னும் வரலை" என்று நம்மை அலையவிட்டால் இதைச் சொல்லுங்கள்.

பின்னால் இடிபட்ட வண்டிக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. நம் வியாபாரிகளில் பலர் கவனிக்காதது. சரக்கு வண்டிக்கான வழக்கமான பாலிசியில் விளக்கு, பம்பர், மட்கார்டு, டயர், பெயிண்ட் இவை சேதமானால் பணம் கிடையாது. ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையைக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்திருந்தால்தான் உண்டு, அதிலும் பாதிதான். பின்னால் இடித்தால் உடைவது இவைதானே! வருடா வருடம் ஏஜென்ட் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் தேய்மானமும் கழிப்பார்கள். வழக்கமான கணக்கில் ரப்பர், பிளாஸ்டிக்குக்குப் பாதி போய்விடும். இரும்புச் சாமானுக்கு வண்டியின் வயதுப்படி கழியும்: 4 வயது தாண்டினால் 35 சதவிகிதம், 5 வயது தாண்டினால் 40. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. அடி சின்னதாக இருந்தால் நோ கிளெய்ம் போனஸை இழப்பதைவிடக் கைக்காசு போட்டுச் சரி செய்வதே லாபம். கணக்குப் போட்டுப் பாருங்கள், நமக்குத் தெரியாத கணக்கா?

பார்ட்ஸ் தாமதம்தான் ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாரும் சொல்கிற காரணம். எங்கள் கடை வண்டியை அய்யம்பேட்டை தாண்டி ஒரு லாரி பின்னால் இடித்தது. மூன்று வாரம் எப்போது போன் செய்தாலும் "பார்ட்ஸ் வரலை முதலாளி" என்றே பதில். நேரில் போய், ஆர்டர் போட்ட காகிதத்தைக் காட்டுங்கள் என்றேன். காகிதம் இல்லை. கம்பெனி அனுமதி வந்து பன்னிரண்டு நாள் ஆகியும் பின் கதவுக்கு ஆர்டரே போகவில்லை. அன்று சாயங்காலமே போயிற்று. எட்டாம் நாள் கதவு வந்தது. அந்த ஒர்க்‌ஷாப்காரர் கெட்டவர் அல்ல. பத்து வண்டி நிற்கிற இடத்தில் கேட்கிறவன் வண்டிதான் முதலில் நகரும். ஆகவே வண்டியை விடும்போதே என்னென்ன வேலை, எந்தத் தேதிக்கு டெலிவரி என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பேட்டரி நம்பர், கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்படைத்த பொருளைப் பத்திரமாக வைப்பது வாங்கியவர் கடமை என்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டம் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்கும் உரிமையை ஒர்க்‌ஷாப்காரருக்கும் கொடுத்திருக்கிறது. பில் தகராறு இருந்தால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்துவிட்டு, பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவிடுவது நல்லது.

பில் கடை பெயரில், நம் ஜி.எஸ்.டி. நம்பரோடு இருக்க வேண்டும்.

இடித்தவரிடம் வாங்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பின்னால் வருகிற வண்டி போதிய இடைவெளி விட வேண்டும் என்பது சாலை விதி. 2018-ல் நிஷான் சிங் வழக்கில், முன்னால் போகும் லாரிக்குப் பத்துப் பதினைந்து அடி இடைவெளி போதாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அவருடைய இன்ஷூரன்ஸ் மேல் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆனால் அது வருடக்கணக்கில் இழுக்கும். நம் பாலிசியில் ரிப்பேரை முடித்துக்கொண்டு, அதில் வராத பாக்கியை மட்டும் அங்கே கேட்பது என் யோசனை. ஒரே தொகையை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தீர்ப்பாயம் ஒன்றுதான் வழி. 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு சட்டத்தில் சேர்ந்துவிட்டதால் வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள்.

கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தனி உரிமையாளர் கடைக்கும், குறுந்தொழிலாகப் பதிவு செய்த நிறுவனத்துக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், வியாபாரி நுகர்வோர் ஆக மாட்டார் என்று கம்பெனி வாதாடும். 2002 கோத்ரா கலவரத்தில் எரிந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில், இன்ஷூரன்ஸ் என்பது லாபத்துக்கு அல்ல, நஷ்டத்தை ஈடுகட்டத்தான் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. ஒர்க்‌ஷாப் மேல் புகார் என்றால், சொந்தப் பிழைப்புக்காக ஓட்டுகிற வண்டி என்று காட்ட வேண்டியிருக்கும்.

வண்டி தயார் என்று போன் வந்ததும் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்லாதீர்கள். திருப்தி என்று கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் போட்டபின் குறை சொன்னால் எடுபடாது. வெறும் வண்டியில் சேஸிஸ் கோணல் தெரியாது. ஒரு லோடு ஏற்றி வல்லம் வரை ஓட்டிப் பார்த்து, டயர் ஒரு பக்கம் உரசுகிறதா, பிரேக் போட்டால் இழுக்கிறதா, பின் விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.